சென்னிமலை: கூட்டம் வரும் ஊரும் சுற்றுலாத் திட்டமும்

சுற்றுலாத் தலம் ஒன்றைத் திட்டமிடும்போது வழக்கமாக முதலில் எழும் கேள்வி, ஆட்களை எப்படி வரவழைப்பது என்பது. ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலையில் அந்தக் கேள்வி எழவே வேண்டியதில்லை. மலை உச்சியில் சுப்பிரமணிய சுவாமி கோயில். அடிவாரத்திலிருந்து 1,320 படிகள். வண்டியில் போவோருக்குத் தனி மலைப்பாதை. செவ்வாய்க்கிழமை, கிருத்திகை, சஷ்டி என்று மாதம் முழுவதும் கூட்டம் இருக்கும். தைப்பூசத் தேரோட்டத்துக்கும் அதையடுத்து வரும் மகாதரிசனத்துக்கும் சுற்று வட்டாரமே திரண்டு வரும். தேவராய சுவாமிகள் இயற்றிய கந்த சஷ்டி கவசம் அரங்கேறிய தலம் என்ற நம்பிக்கையால் கொங்கு நாட்டுக்கு வெளியிலிருந்தும் அன்பர்கள் வருகிறார்கள்.

வந்தவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு, கீழே இறங்கி, வந்த வழியே போய்விடுகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது வண்டி நெரிசல், குப்பை, கொஞ்சம் கடை வியாபாரம். அதே ஊரில் தலைமுறை தலைமுறையாகப் போர்வை நெய்யும் தறிகள் இருக்கின்றன. தென்மேற்கே நொய்யல் கரையில் சங்க காலத் தொழில் நகரமான கொடுமணல். கிழக்கே அரச்சலூரில் தமிழிசை வரலாற்றின் பழைய சான்றான கல்வெட்டு. அதற்கு அருகில் விடுதலைப் போராட்ட வீரர் தீரன் சின்னமலையின் ஓடாநிலை. வடகிழக்கே வெள்ளோட்டுப் பறவைகள் சரணாலயம். எல்லாமே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும். ஆகவே இங்கே திட்டமிடுவோரின் வேலை, வந்த கூட்டத்தை அரை நாள் கூடுதலாகத் தங்க வைப்பது, அவர்கள் செலவிடும் பணம் ஊர்க்காரர் கைக்குப் போய்ச் சேரச் செய்வது, மலையும் நீரும் கெடாமல் பார்த்துக்கொள்வது. கூட்டத்தை மேலும் பெருக்குவது இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

தலத்தின் வாழ்நாள்

புவியியலாளர் ரிச்சர்ட் பட்லர் 1980-இல் வெளியிட்ட கட்டுரை, சுற்றுலாத் தலங்களின் போக்கைப் பல கட்டங்களாகப் பிரித்துக் காட்டியது. சிலர் தேடிக் கண்டுபிடித்து வருகிறார்கள்; ஊர்க்காரர்கள் சோறும் இடமும் கொடுக்கத் தொடங்குகிறார்கள்; வெளி முதலீடு வருகிறது; கூட்டம் உச்சத்தைத் தொட்டுத் தேங்குகிறது; அதன்பின் தலம் சரியும், அல்லது புத்துயிர் பெறும். எல்லா ஊருக்கும் இந்தப் படிவரிசை அப்படியே பொருந்தாது என்றாலும், தேக்கம் வருமுன் அதை உணர வேண்டும் என்ற எச்சரிக்கை பொருந்தும். உதகை அந்தக் கட்டத்தை எட்டியதன் அடையாளம்தான் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயமானது. 2025 ஏப்ரல் முதல் கோடைக் காலத்தில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அதே 2024-இல் இத்தாலியின் வெனிஸ் நகரம், தங்காமல் ஒரே நாளில் வந்து திரும்புவோரிடம் நெரிசலான நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. இரண்டு இடத்திலும் அளவை முன்பே வகுக்காமல், ஊர் திணறிய பிறகே கட்டுப்பாடு வந்தது.

சென்னிமலையின் நிலை சற்று வேறு. கோயில் மட்டும் கூட்டத்தின் உச்சத்தை நெருங்கி நிற்கிறது. அதைச் சுற்றியுள்ள இடங்கள் முதல் கட்டத்தையே தாண்டவில்லை. ஒரே வட்டாரத்துக்குள் இரண்டு நிலைகள் இருப்பது திட்டமிடுவோருக்கு ஒரு வாய்ப்பு. ஓரிடத்தின் பாரத்தை இறக்கி இன்னோர் இடத்துக்கு வாழ்வு கொடுக்கலாம்.

மலையும் அதன் மரியாதையும்

வழிபாட்டில் உள்ள கோயிலைக் காட்சிப் பொருளாக நடத்த முடியாது. சுற்றுலாப் பயணியின் வசதிக்காகப் பூசை நேரம் மாறாது, மாறவும் கூடாது. ஆனால் வழிபாட்டு மரபே தலத்தின் சிறப்பாக அமைந்திருப்பதைத் திட்டத்தில் மறந்துவிடக் கூடாது. சென்னிமலையில் அபிஷேகத்துக்கான திருமஞ்சனத் தீர்த்தத்தைப் பொதி காளைகள் அடிவாரத்திலிருந்து படி வழியே மேலே சுமந்து செல்கின்றன. முதுகின் இருபுறமும் தண்ணீர் தொங்க, காளை ஒவ்வொரு படியாகக் குளம்பு ஊன்றி ஏறுவதைக் காலையில் படி ஏறுவோர் பார்க்கலாம். வண்டியில் போகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. 1984-இல் மாட்டு வண்டி ஒன்று இதே படிகளில் ஏறியதை ஊரார் இன்றும் அதிசயமாகச் சொல்கிறார்கள். கோயிலுக்குப் பின்னால் பிண்ணாக்குச் சித்தர் சமாதி இருக்கிறது. இத்தனையும் படிவழியோடும் நடையோடும் சேர்ந்த அனுபவம். படிவழியில் நிழல் மண்டபம், குடிநீர், முதியோர் உட்காரத் திண்ணை, பெண்களுக்குத் தூய்மையான கழிப்பறை ஆகியவற்றுக்குச் செலவிடும் பணம், மலைமேல் கட்டும் எந்தப் புதுக் கட்டடத்தையும்விடப் பயன் தரும். பங்குனி, சித்திரை வெயிலில் வெறுங்காலோடு படி ஏறுவோருக்குப் பத்து மணிக்கு மேல் கல் சுடும். அந்த மாதங்களில் விடியற்காலையில் ஏறுவதை ஊக்குவிக்கும் அறிவிப்பும் அந்நேரப் பேருந்து வசதியும் வேண்டும்.

மலைக்கோயில்களில் இப்போது பெருஞ்சிலை எழுப்பும் ஆர்வம் பரவியிருக்கிறது. மலேசியாவின் பத்துமலையில் 2006-இல் 42.7 மீட்டர் உயர முருகன் சிலை நிறுவப்பட்டது. சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்தில் 2022-இல் 146 அடிச் சிலை அதை விஞ்சியது. சிலை ஆளை ஈர்க்கும் என்பது உண்மை. ஆனால் உயரத்தால் பெற்ற பெயர், அதைவிட உயரமான ஒன்று வரும் வரைக்கும்தான். பத்துமலையில் 272 படிகளுக்கு 2018-இல் பல வண்ணம் பூசியபோது, மரபுச் சின்னத்துக்குரிய அனுமதி பெறவில்லை என்ற சர்ச்சையும் கிளம்பியது. அரிய காளைத் தீர்த்தத்தை வைத்திருக்கும் ஊருக்கு உயரப் போட்டி தேவையில்லை.

எத்தனை பேரைத் தாங்கும்?

ஓரிடத்தின் தாங்குதிறனைக் கணக்கிட ஆய்வாளர் சிஃபுயென்டெஸ் 1992-இல் வகுத்த முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. முதலில் இடப்பரப்பையும் ஓர் ஆளுக்கு வேண்டிய இடத்தையும் ஒரு நாளில் எத்தனை சுற்று ஆட்கள் வந்து போக முடியும் என்பதையும் கொண்டு உச்ச அளவைக் காண்கிறார்கள். பிறகு வெயில், மழை, சரிவு, உயிரினங்களின் இனப்பெருக்கக் காலம் போன்ற தடைகளுக்காக அதைக் குறைக்கிறார்கள். கடைசியாக, நிர்வகிக்க ஆளும் கருவியும் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பார்த்து இன்னும் குறைக்கிறார்கள். மூன்றாம் படிதான் முக்கியமானது. இடம் ஆயிரம் பேரைத் தாங்கினாலும், கழிப்பறையும் காவலரும் முந்நூறு பேருக்குத்தான் போதும் என்றால் அந்த இடத்தின் திறன் முந்நூறுதான்.

மலைக்கோயிலில் திறனை முடிவுசெய்வது பெரும்பாலும் வண்டி நிறுத்தும் இடம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலைமேல் 100 கார் நிற்க இடம் இருக்கிறது, ஒவ்வொரு காரிலும் நான்கு பேர், ஒரு குடும்பம் ஒன்றரை மணி நேரம் தங்குகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 67 கார்கள், அதாவது ஏறக்குறைய 270 பேர் மேலே வந்து போகலாம். அதற்கு மேல் வரும் கார்கள் மலைப்பாதையில் வரிசை கட்டும். அடிவாரத்திலேயே கார்களை நிறுத்திவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்தில் 50 பேரை ஏற்றிச் சென்றால் மணிக்கு 300 பேர் மேலே போவார்கள். உச்சியில் இரண்டு பேருந்து நிற்க இடம் இருந்தால் போதும். மலையை வெட்டி நிறுத்துமிடத்தைப் பெருக்குவதைவிடப் பேருந்தின் எண்ணிக்கையைக் கூட்டுவதே மலிவும் மலைக்கு நல்லதும் ஆகும். நெரிசல் நாள்களில் தனியார் வண்டிகளை அடிவாரத்தோடு நிறுத்திக் கோயில் பேருந்துகளை மட்டும் அனுமதிக்கும் ஏற்பாடு மலைத்தலங்களுக்குப் புதிதல்ல. பழனியில் 2024 முதல் கிரிவலப் பாதையில் தனியார் வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி ஓடுகிறது. ஆக்கிரமிப்புக் கடைகளை அகற்றியதோடு சேர்ந்து, அந்தப் பாதை மறுபடியும் நடக்கிறவர்களின் பாதையானது.

ரோப் கார் கேட்காத மலைக்கோயில் இல்லை என்றே சொல்லலாம். பழனியில் 1966-இல் இழுவை ரயிலும் 2004-இல் ரோப் காரும் வந்தன. சோளிங்கருக்கும் அய்யர்மலைக்கும் 2024-இல் கிடைத்தன. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் அது பெரிய உதவி. பழனியின் பாடம் என்னவென்றால், அமைக்கும் செலவோடு கதை முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் பல வாரங்கள் ரோப் காரை நிறுத்தி, கயிறும் சக்கரமும் பெட்டியும் ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார்கள். காற்று பலமாக வீசினால் ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். அந்த ஒழுங்குக்கான ஆளும் நிதியும் நிரந்தரமாகக் கிடைக்கும் என்று உறுதி இல்லாத இடத்தில் ரோப் காரைக் கட்டக் கூடாது. சென்னிமலைக்கு வண்டிப்பாதை ஏற்கனவே இருப்பதால் அவசரமும் இல்லை.

திருவிழா நாள்

சாதாரண நாளின் திட்டத்தைத் திருவிழா நாளுக்கு நீட்டிப் பிடிக்க முடியாது. ஒரு சதுர மீட்டரில் நான்கைந்து பேருக்கு மேல் நின்றால் மனிதர் தம் விருப்பப்படி நகர முடியாது. ஏழு பேரை நெருங்கினால் கூட்டம் வெள்ளம் போல் தானே அசையத் தொடங்கும். அந்நிலையில் விழுந்தவர் எழ முடியாது. சபரிமலையில் 1999-இல் பம்பையிலும் 2011-இல் புல்மேட்டிலும் நேர்ந்த உயிரிழப்புகள் இதைக் காட்டின. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2014-இல் வெளியிட்ட கூட்ட மேலாண்மை வழிகாட்டி, ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் தனி வழி, நெரிசலைத் தொலைவிலேயே தடுத்து நிறுத்தும் இடங்கள், ஒரே கட்டளைப் பொறுப்பு ஆகியவற்றை வலியுறுத்துகிறது. ஒற்றைப் படிவழி உள்ள மலையில் முதல் விதி கடினம். பூச நாளில் படிவழி ஏறவும், வண்டிப்பாதை இறங்கவும் என்று பிரித்துவிடுவது நடக்கக்கூடிய வழி.

யாழ்ப்பாணத்து நல்லூர் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் திருவிழா, தமிழர் நடத்தும் பெருவிழாக்களில் ஒழுங்குக்குப் பேர்போனது. பூசையும் உலாவும் குறித்த நேரத்தில் தொடங்கும். சுற்றியுள்ள வீதிகளை மாநகர சபை விழா முடியும் வரை வண்டிகளுக்கு அடைத்துவிடும். கடைகளுக்கு இடம் ஒதுக்குவதும் அதே சபைதான். நேரம் தவறாமை ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்கூட. தேர் எப்போது நகரும் என்று தெரிந்தால் மக்கள் அந்நேரத்துக்கு வருவார்கள். தெரியாவிட்டால் காலையிலிருந்தே குவிந்து நிற்பார்கள்.

தறிச் சத்தம்

இந்த வட்டாரத்தில் பயணியின் பணம் நேராக உழைப்பவர் கைக்குப் போகக்கூடிய இடம் தறிதான். எம்.பி. நாச்சிமுத்து போன்ற முன்னோடிகள் வளர்த்த கைத்தறிக் கூட்டுறவு இயக்கத்தால் சென்னிமலைப் போர்வை தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. அந்த இயக்கத்தின் சென்டெக்ஸ் என்ற பெயர் பல வீடுகளில் பெட்ஷீட்டோடு சேர்ந்தே வழங்கியது. ஆனால் கோயிலுக்கு வருகிறவர் கடையில் மடித்து வைத்த துணியைத்தான் பார்க்கிறார். அது எப்படி உருவாகிறது என்று பார்க்க வழியில்லாததால், விசைத்தறிப் போர்வையைவிட இது ஏன் விலை கூடுதல் என்பதும் விளங்குவதில்லை.

தறி வீட்டுக்குள் நுழைந்தால் விளக்கம் தேவையில்லை. திண்ணையோரம் ஒரு பெண் ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருப்பார். தறியில் உட்கார்ந்தவர் கால் மிதியை அழுத்த, பாவில் பாதி இழைகள் மேலெழும். திறந்த இடைவெளியில் நாடா குறுக்கே பாயும். பலகை ஊடையை அடித்து நெருக்கும். உடனே கால் மாறும். நிறம் மாற வேண்டிய இடத்தில் கை நின்று, தார் மாற்றி, மறுபடி ஓடும். துணி அகலம் சுருங்காமல் இழுத்துப் பிடிக்கும் கம்பின் ஊசித் துளைகள் இரு கரையோரமும் புள்ளி புள்ளியாகத் தெரியும். இதை ஒருமுறை பார்த்தவர் பிறகு எந்தக் கடையிலும் துணியின் கரையைத் திருப்பிப் பார்ப்பார். 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் போர்வை, ஜமக்காளம் உள்ளிட்ட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கியிருந்தாலும், விசைத்தறித் துணி கைத்தறிப் பெயரில் விற்பனையாவது நாடெங்கும் உள்ள பிரச்சினை. கைத்தறி முத்திரை 2006-இல் வந்தது அதற்காகவே. வாங்குபவரின் கண்ணைப் பழக்குவது எந்த முத்திரைக்கும் துணை.

இங்கே ஒரு நியாயம் கவனிக்கப்பட வேண்டும். நெசவாளருக்குக் கூலி, நெய்த துணிக்குத்தான். பயணிகள் வந்து கேள்வி கேட்கும் ஒவ்வொரு பத்து நிமிடமும் அவர் கூலியிலிருந்து போகிறது. ஆகவே தறி பார்க்கும் ஏற்பாட்டுக்குக் கட்டணம் இருக்க வேண்டும், அது அந்த வீட்டுக்கே போக வேண்டும். குறித்த இரண்டு மூன்று மணி நேரம், வீடுகள் முறை வைத்து ஏற்பது, ஒரு வேளைக்குப் பத்துப் பேருக்கு மேல் இல்லை, உள்ளே படம் எடுக்க வீட்டாரின் அனுமதி என்ற அளவில் கூட்டுறவு சங்கமே இதை நடத்தலாம். தெலங்கானாவின் போச்சம்பள்ளி, இக்கத் நெசவை வைத்தே 2021-இல் ஐ.நா. சுற்றுலா அமைப்பின் சிறந்த சுற்றுலாக் கிராமப் பட்டியலில் இடம்பெற்றது. பக்கத்துப் பவானியின் ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. சென்னிமலைக்கு இவை இரண்டைவிடவும் ஒரு வசதி கூடுதல். வாங்கக்கூடியவர்கள் ஏற்கனவே ஊருக்குள் வந்து நிற்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத நகரம்

தறி வீட்டில் பார்க்க எல்லாம் இருக்கிறது; கொடுமணலின் சிக்கல் நேர் எதிரானது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் இந்த ஊர், சேரர் தலைநகரான கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகத்துக்குப் போன வணிகப் பெருவழியில் இருந்தது. 1980-களிலிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னர் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், மாநிலத் தொல்லியல் துறையும் நடத்திய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மணி செய்த பட்டறையின் தடயங்கள், தமிழி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் வெளிப்பட்டன. பேராசிரியர் கா. இராசனின் ஆய்வுகள் இந்த ஊரை உலகத் தொல்லியலில் அறியச் செய்தன. பெரில் கல் காங்கேயத்தை அடுத்த படியூரிலிருந்தும், சூதுபவளம் குஜராத் பக்கமிருந்தும் வந்திருக்கலாம். இரும்புத் தாது சென்னிமலைப் பகுதியிலிருந்து போயிருக்கலாம் என்ற கருத்தும் ஆய்வாளரிடையே உண்டு. படி ஏறும் பக்தரின் காலடியில் உள்ள மலைக்கும் கொடுமணல் உலைக்கும் இப்படி ஓர் உறவு இருப்பதைச் சொல்ல மலையில் ஒரு பலகை வைத்தாலே, பாதிப் பேருக்கு அங்கே போய்ப் பார்க்கத் தோன்றும்.

போனால் பார்க்க என்ன இருக்கிறது? அகழ்ந்த குழிகளை ஆய்வுக்குப் பின் பாதுகாப்புக்காக மூடிவிடுவது தொல்லியல் வழக்கம். கிடைத்த பொருள்கள் அகழ்ந்த நிறுவனங்களோடு வெளியூர் போய்விடும். மிஞ்சுவது வயல், சில கல்வட்டங்கள், நொய்யல். அறிஞருக்கு அது போதும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போதாது. சிவகங்கை மாவட்டம் கீழடியில் 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம், பொருளை எடுத்த மண்ணிலேயே காட்டுவதன் வலிமையை நிரூபித்தது. கொடுமணலுக்கு அத்தனை பெரிய கட்டடம் தேவைப்படாது. ஓர் அகழாய்வுக் குழியைக் கூரையிட்டுத் திறந்து வைப்பது, உலையின் மாதிரி, மணியில் துளையிடும் முறையைச் செய்து காட்டும் சிறு பட்டறை, எழுத்துப் பொறித்த ஓடுகளின் படியெடுப்புகள் என்று ஒரு மணி நேரம் பார்க்கத்தக்க கூடம் போதும். ஆனால் காட்டுவதற்கு முன் காவல் வேண்டும். மேற்பரப்பில் கிடக்கும் மணியையும் பானை ஓட்டையும் பொறுக்கிக்கொண்டு போகும் பார்வையாளர், தொல்லியல் தலத்துக்குப் பெருந்தீங்கு செய்பவர். நில உடைமையாளர்களுக்கு முறையான குத்தகையோ இழப்பீடோ இல்லாமல் அவர்களின் காட்டுக்குள் பாதை போடுவதும் நிலைக்காது.

நொய்யலைச் சொல்லாமல் கொடுமணலைப் பற்றிப் பேச முடியாது. வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கும் இந்த ஆற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு சேர்ந்ததால், பாசனத்துக்கென 1990-களின் தொடக்கத்தில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தேக்கமாகிப் பயிரும் கிணறும் கெட்டன. கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து வெளியே விடாமல் காக்கும் முறையைக் கடைப்பிடிக்காத சாயப்பட்டறைகளை மூட 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆற்றங்கரையில் பூங்கா, படகு என்று வரைபடம் போடுவோர் முதலில் தண்ணீரின் தரத்தை ஆண்டு முழுவதும் அளந்து பார்த்தாக வேண்டும். நாறும் ஆற்றை எந்தக் கட்டடமும் மறைக்காது. இந்த ஆறு பட்ட பாட்டைக் கொடுமணல் கூடத்தில் ஒளிக்காமல் சொல்வதும் நேர்மையான காட்சிப்படுத்தல்தான். அதே கரையில் 2,000 ஆண்டுகளுக்கு முன்னும் தொழில் நடந்தது, ஆறும் ஓடியது.

கிழக்குச் சுற்று

அரச்சலூர்க் கல்வெட்டில் இசைக்கும் ஆடலுக்கும் உரிய எழுத்துகள், இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் ஒன்றாகவே படிக்கும்படி கட்டம் கட்டமாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அமைத்தவர் தேவன் சாத்தன் என்ற வண்ணக்கர், அதாவது நாணயம் நோட்டம் பார்ப்பவர். இசை கற்கும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயண இலக்கு கொங்கு நாட்டில் இல்லை. குன்றின் வழியும் வழிகாட்டியும்தான் குறை. ஓடாநிலையில் தீரன் சின்னமலை நினைவகம் இருக்கிறது. சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே உள்ள சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல் என்று மைசூருக்கு வரிப்பணம் கொண்டுபோனவர்களிடம் அவர் சொல்லியனுப்பியதாக வழங்கும் கதை, இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லோரும் அறிந்தது. 1805-இல் சங்ககிரியில் அவர் தூக்கிலிடப்பட்ட ஆடிப் பதினெட்டு நினைவாக ஆண்டுதோறும் இங்கே கூட்டம் கூடுகிறது. மற்ற நாள்களில் அமைதி.

வெள்ளோட்டு ஏரி சிறியது, ஏறக்குறைய 77 எக்டேர். 2022-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. ஐப்பசி கடைசியிலிருந்து மாசி, பங்குனி வரை பறவைக் காலம். சுற்றுக் கிராமத்தார் பறவைகள் மிரளாமல் இருக்கப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டத்தாலும் கொண்டுவர முடியாத இந்தக் கட்டுப்பாட்டை ஊர்க்காரர்கள் தாங்களே ஏற்றிருக்கிறார்கள். ஏரிக்கரையில் உணவகமும் ஒலிபெருக்கியும் வந்தால் முதலில் அவமதிக்கப்படுவது அவர்களின் விட்டுக்கொடுப்பு. அங்கே வேண்டியவை இரண்டு பார்வைக் கோபுரம், தொலைநோக்கி வாடகை, உள்ளூர் இளைஞர் வழிகாட்டிகள். அதற்கு மேல் வேண்டாம்.

இந்த இடங்களை ஒரே நாளில் அடைத்தால் பயணி களைத்துப்போவார். மலை, தறி, கொடுமணல் ஒரு சுற்று. வெள்ளோடு, அரச்சலூர், ஓடாநிலை இன்னொரு சுற்று. இரண்டையும் பார்க்க விரும்புகிறவர் ஓர் இரவு தங்கியாக வேண்டும், வருமானம் அங்கேதான். இரவுத் தங்கலுக்குப் பெரிய விடுதி தேவையில்லை. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தில் வீட்டுச் சமையலைச் சாப்பிடுவதற்கென்றே வெளி மாவட்டத்தார் வருகிறார்கள் என்றால், தோட்டத்து வீடுகளில் அரிசிம்பருப்புச் சோறும் சந்தகையும் பரிமாறி இரண்டு அறைகளை ஒதுக்குவது இங்குள்ள குடும்பங்களுக்கு முடியாத காரியமல்ல.

யார் பொறுப்பு?

மிகக் கடினமான பகுதி இதுதான். கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடம், மலைக்காடு வனத்துறையிடம், ஊர்த் தெருக்களும் குப்பையும் பேரூராட்சியிடம், சாலை நெடுஞ்சாலைத் துறையிடம், கூட்டுறவு சங்கங்கள் கைத்தறித் துறையின் கீழ், கொடுமணல் தொல்லியல் துறையிடம், ஓடாநிலை நினைவகம் செய்தித் துறையிடம், அணை நீர்வளத் துறையிடம். ஒவ்வொரு துறையும் தன் எல்லைக்குள் நல்லதே செய்தாலும், பயணி கடந்து போவது எல்லைகளுக்கு இடையில். உண்டியல் வருமானம் கோயிலுக்குரியது. பக்தர் விட்டுப்போகும் குப்பையை அள்ளும் செலவு பேரூராட்சிக்கு. வரவு ஒரு வாசலிலும் செலவு வேறொரு வாசலிலும் இருக்கும் வரை எந்தப் பெருந்திட்டமும் இரண்டாம் ஆண்டைத் தாண்டாது. மாவட்ட ஆட்சியர் தலைமையில், இந்தத் துறைகளோடு நெசவாளர் சங்கம், வணிகர்கள், ஊராட்சித் தலைவர்கள் சேர்ந்த ஒரு நிலைக்குழுவும், அதற்கென்று முழுநேர அலுவலர் ஒருவரும், வண்டி நிறுத்தக் கட்டணத்திலிருந்து துப்புரவுக்கென ஒதுக்கிய தனிக் கணக்கும் இருந்தால் இந்த இடைவெளி அடையும்.

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கொடிவேரி இதற்கு நல்லதும் கெட்டதுமான எடுத்துக்காட்டு. பவானி ஆற்றின் குறுக்கே உள்ள பழைய தடுப்பணை, நீர்வளத் துறையின் பாசனச் சொத்து; மக்களுக்கோ குளிக்கவும் வறுத்த மீன் தின்னவும் ஏற்ற அருவி. வெள்ளம் வந்தால் உடனே மூடும் கட்டுப்பாடு அங்கே இருக்கிறது, அது உயிர்களைக் காக்கிறது. ஆனால் பாசனம் பார்க்கும் துறையிடம் உடை மாற்றும் அறையையும் கடைகளின் ஒழுங்கையும் விடுமுறை நாள் நெரிசலையும் கவனிக்கச் சொல்வது, அதன் பயிற்சிக்கு வெளியிலுள்ள வேலையைத் தருவதாகும்.

முன்னேற்றத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதையும் அக்குழு தொடக்கத்திலேயே முடிவுசெய்ய வேண்டும். வந்தவர் எண்ணிக்கை மட்டும் போதாது. ஓர் ஆள் சராசரியாக எத்தனை மணி நேரம் வட்டாரத்தில் இருந்தார், எத்தனை பேர் இரவு தங்கினார்கள், கூட்டுறவு விற்பனையகத்தில் வெளியூராருக்கு எவ்வளவு விற்றது, தறி பார்க்கும் கட்டணமாக எத்தனை வீடுகளுக்கு எவ்வளவு போனது, பூச நாளில் படிவழியில் மருத்துவ உதவி எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது, மலையிலிருந்து எத்தனை டன் குப்பை இறங்கியது, அதில் 2019 ஜனவரி முதல் தடையிலுள்ள ஒருமுறைப் பிளாஸ்டிக் எவ்வளவு, நொய்யலின் உப்பளவு என்ன, வெள்ளோட்டில் அந்தப் பருவத்தில் பறவைகள் எத்தனை என்பவற்றை மாதாமாதம் குறித்து, ஆண்டுக்கு ஒருமுறை பேரூராட்சிப் பலகையில் ஒட்ட வேண்டும். திட்டத்தின் அடுத்த ஆண்டுச் செலவை அந்தக் கணக்கை வைத்தே தீர்மானிக்கலாம்.